ஈயப் பரிசோதனையில் தலசீமியா குறுக்கிடுமா?

கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய பேட்டரித் தகடுகளை உருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆண்டுப் பரிசோதனையில் சிங்க் புரோட்டோபோர்ஃபிரின் கூடுதல் என்று வந்திருக்கிறது. எனக்குப் பிறவியிலேயே தலசீமியா மைனர் உண்டு. ‘அதனால்தான், பயப்படாதே’ என்கிறார் மேலாளர். நம்பலாமா?”

அந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்க வேண்டாம். தலசீமியா மைனர் என்பது ஹீமோகுளோபின் உருவாவதில் பிறவியிலேயே வரும் லேசான குறைபாடு. ஹீமோகுளோபின் உருவாகும் கடைசிக் கட்டத்தில் இரும்பைச் சேர்த்துவைக்கும் நொதியை ஈயம் முடக்கிவிடுவதால், இரும்பு அமர வேண்டிய இடத்தில் துத்தநாகம் (சிங்க்) அமர்ந்துகொள்கிறது. அதைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. உடலில் இரும்பே குறைவாக இருந்தாலும் இதே நிலைதான். தலசீமியா மைனரில் இந்த அளவு சிலருக்குச் சற்று உயரலாம், ஆனால் பெரிய உயர்வுக்கு அதை மட்டும் காரணமாக்குவது சரியல்ல. ரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலும் குழப்பம் தீராது. சிவப்பணுக்களில் தெரியும் நீலப் புள்ளிகள் ஈய நஞ்சிலும் வரும், தலசீமியாவிலும் வரும்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இந்த அளவு மெதுவாகவே ஏறி மெதுவாகவே இறங்கும்; குறைந்த அளவு ஈயத்தை இது காட்டுவதும் இல்லை. எனவே நாளை ‘நார்மல்’ என்று வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம்.

உங்களுக்குத் தேவை, கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஈயத்தையே நேரடியாக அளக்கும் பரிசோதனை. விரல் நுனியில் குத்தி எடுத்தால், நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பட்டறைத் தூசியே எண்ணை உயர்த்திவிடும். ரத்தத்திலுள்ள ஈயத்தில் 95 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், ரத்தசோகை உள்ளவருக்கு எண் சற்றுக் குறைவாகத் தெரியக்கூடும். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

கூடவே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். தலசீமியா மைனர் உள்ளவர்களுக்கு, ரத்தம் குறைவு என்று கண்டவுடன் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். இரும்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் சாப்பிடுங்கள். குறைந்திருந்தால் தாமதிக்கவும் கூடாது, ஏனெனில் இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

ஈய நஞ்சு உறுதியானால், சட்டப்படி அது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். பரிசோதனைக்குப் போகும்போது தலசீமியா மைனரைக் கண்டறிய உதவும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு உள்ள பழைய அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். குளித்து, பட்டறைச் சட்டையை மாற்றிய பிறகே போங்கள்.