ஏழு அடுக்கா, நான்கு அடுக்கா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, கணினி வலையமைப்புப் பாடத்திற்காக கணினிகளுக்கிடையே தரவு செல்லும் வேலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆய்வகத்தில் எல்லோரும் டிசிபி/ஐபி நெறிமுறைகள் (கணினிகள் தரவு பரிமாறும் விதிகள்) பற்றியே பேசுகிறார்கள். அதில் நான்கு அடுக்குகள்தாம். இரண்டில் எதை ஆழமாகப் படிப்பது?
(மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவி, விருதுநகர்)

பதில்: ஆழமாகப் படிக்க வேண்டியது டிசிபி/ஐபி. இணையத்தில் இன்று ஓடிக்கொண்டிருப்பது அதுதான். இந்த இரட்டை நிலை ஏன் வந்தது என்பதற்குக் காலக்கணக்கே விடை சொல்கிறது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஏழு அடுக்கு மாதிரியைத் தரமாக வெளியிட்டது 1984-இல். அதற்கு முந்தைய ஆண்டே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பு தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. வரைபடம் அச்சாகி வருவதற்குள் வீட்டில் குடியேறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஏழு அடுக்குகளைப் படித்தது வீண் போகாது. வேலைக்குச் சென்றால் லேயர் 2 ஸ்விட்ச், லேயர் 3 ஸ்விட்ச், லேயர் 7 லோட் பேலன்ஸர் (பல சேவையகங்களுக்கு வேலையைப் பிரித்தனுப்புவது) என்ற பேச்சு நாள்தோறும் காதில் விழும். அந்த எண்கள் எல்லாம் ஓஎஸ்ஐ கணக்கின்படி அமைந்தவை. ஐந்தாம் (அமர்வு), ஆறாம் (தரவு வடிவம்) அடுக்குகளுக்கு மட்டும் எடுத்துக்காட்டுத் தேடி மிகவும் அலைய வேண்டாம். அவற்றின் பணிகளைப் பெரும்பாலும் பயன்பாட்டு மென்பொருளே தன்னுள் செய்துகொள்கிறது. இணையதளத் தரவைப் பிறர் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் மறையாக்கத்தை எந்த அடுக்கில் வைப்பது என்பதில் ஆசிரியர்களே வேறுபடுகிறார்கள். தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள்.

கேள்வி: டிசிபி இணைப்பைத் தொடங்க இரு முனைகளும் மூன்று பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை)ப் பரிமாறும் மூன்று அடிக் கைகுலுக்கலைப் படம் வரைந்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஏன் மூன்று, ஏன் இரண்டு போதாது என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை.
(இறுதியாண்டு மாணவர், மதுரை)

பதில்: உங்களைக் கேட்டவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். டிசிபியில் இரு முனைகளும் தத்தம் தொடக்க வரிசை எண்ணை (அனுப்பும் பைட்டுகளை எண்ணத் தொடங்கும் எண்ணை)த் தாமே தேர்ந்தெடுக்கின்றன. அந்த எண் கிடைத்தது என்று எதிர்முனை ஒப்புகை தர வேண்டும். ஆக, இரண்டு எண்கள், இரண்டு ஒப்புகைகள். சேவையகம் தன் எண்ணையும், வந்த எண்ணுக்கான ஒப்புகையையும் ஒரே பாக்கெட்டில் சேர்த்து அனுப்பிவிடுவதால் நான்கு மூன்றாகிறது. இரண்டோடு நிறுத்தினால், வழியில் எங்கோ தேங்கிக் கிடந்து காலம் கடந்து வரும் ஒரு பழைய வேண்டுகோளைக்கூடச் சேவையகம் புதிய இணைப்பென்று நம்பி, வராத தரவுக்காகக் காத்திருக்கும். மூன்றாவது அடி இருப்பதால்தான், ‘இது நான் இப்போது கேட்டதன்று’ என்று மறுக்க மறுமுனைக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

எந்த நெறிமுறையையும் இப்படியே படியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். விதியைப் பார்த்தவுடன், எந்தத் தொல்லையைத் தீர்க்க இது வந்தது என்று கேளுங்கள். இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் சான்று 1986 அக்டோபரில் நடந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே சுமார் 400 கஜ தூரந்தான். அந்தத் தடத்தில் நொடிக்கு 32,000 பிட் அளவில் சென்றுகொண்டிருந்த தரவு, நொடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை. டிசிபி ஹெடரில், அதாவது பாக்கெட்டின் தலைப்பகுதியில், விண்டோ என்றொரு புலம் உண்டு. பெறுபவர் தம்மால் எவ்வளவு வாங்க முடியும் என்பதை அதில் சொல்வார். இடையிலுள்ள வலையமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லவோ கேட்கவோ யாரும் இல்லை. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைந்தன; தொலைந்தவற்றை எல்லோரும் மீண்டும் அனுப்பினார்கள்; அதனால் நெரிசல் மேலும் கூடியது.

வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குத் தீர்வு சொன்னது. சிறிதளவில் தொடங்கி, ஒப்புகை வர வர அளவைக் கூட்டி, இழப்பு நேர்ந்தால் உடனே குறைத்துக்கொள்ளும் முறை அது. இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்றுண்டு: இதற்காக ஹெடரில் ஒரு பிட்டைக்கூடச் சேர்க்கவில்லை. நெரிசல் விண்டோ என்பது அனுப்புநரின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும் ஓர் எண். ஹெடர் படத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், டிசிபியின் மிக முக்கியமான பகுதியைப் பார்க்காமலே தேர்ச்சி பெற்றுவிட முடியும் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ரூட்டர், ஸ்விட்ச் எதுவும் ஆய்வகத்தில் இல்லை. செய்முறையாகக் கற்பது எப்படி?
(மாணவர், தருமபுரி)

பதில்: ஒரு மடிக்கணினி போதும். வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, ஏதாவதொரு தளத்தைத் திறந்து, உங்கள் கணினியிலிருந்து என்ன புறப்படுகிறது என்று பாருங்கள். முதலில் தளப்பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் வினவல், பொதுவாக யுடிபி (கைகுலுக்கல் இல்லாத எளிய நெறிமுறை) வழியாக 53-ஆம் போர்ட்டுக்குச் செல்லும். பிறகு மேலே சொன்ன மூன்று பாக்கெட்டுகள். முதல் பாக்கெட்டில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் செல்லக்கூடிய தரவின் உச்ச அளவு) என்ற இடத்தில் பெரும்பாலும் 1460 என்றிருக்கும். ஈதர்நெட் தாங்கும் 1500 பைட்டில் ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20 போனால் மிஞ்சுவது அது. பாடநூலின் கணக்கு கண்முன் சரியாக வரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நீங்களே உணர வேண்டும். ஐபி பதிப்பு 6 வழியாகச் சென்றால் ஹெடர் 40 பைட் என்பதால் 1440 என வரலாம்.

சில தளங்களில் டிசிபியே தென்படாமல் போகலாம். தவறு உங்களுடையது என்று எண்ண வேண்டாம். 2021-இல் தரமாக்கப்பட்ட குயிக் நெறிமுறை யுடிபி மீது ஓடுகிறது. பெரிய தளங்கள் பல அதைப் பயன்படுத்துகின்றன. உங்கள் சொந்தக் கணினியின் தரவை மட்டுமே பதிவு செய்யுங்கள். விடுதி வைஃபையில் பிறர் தரவை எட்டிப்பார்ப்பது தவறு.

கேள்வி: இந்தப் பாடத்திற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?
(மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: கட்டாயம் வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் சாக்கெட் (நிரலை வலையமைப்போடு இணைக்கும் வசதி) கொண்டு இரு முனைகள் பேசிக்கொள்ளும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். ‘வணக்கம்’ என்று இரண்டு முறை அனுப்பினால், மறுமுனையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வரக்கூடும். டிசிபி தருவது பைட்டுகளின் தொடர் ஓட்டம். செய்தி எங்கே முடிகிறது என்பதை அது அறியாது. அடுத்து, பெறும் முனையில் ஒவ்வொரு முறையும் 10 பைட் மட்டும் படியுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ‘வணக்கம்’ 21 பைட்: புள்ளிகள் உட்பட ஏழு குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். பத்தில் வெட்டினால் வ, ண, க மூன்றும் வந்து சேரும். அடுத்து வர வேண்டிய புள்ளி பாதியில் அறுபட்டு நிரல் பிழை காட்டும். நீளத்தை முதலில் அனுப்புவதா, முடிவுக்குறி வைப்பதா என்று நீங்கள் முடிவெடுக்கும் அந்த இடத்தில், உங்கள் முதல் நெறிமுறையை நீங்களே வகுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். விருதுநகர் மாணவி காலியென்று நினைத்திருக்கக்கூடிய ஆறாம் அடுக்கின் வேலையும், அதாவது எழுத்தைப் பைட்டாகவும் பைட்டை எழுத்தாகவும் மாற்றுவதும், அந்த நிரலிலேயே இருக்கிறது.