கிட்டார் வாசித்து அயர்லாந்தில் பிழைக்க முடியுமா?

கேள்வி: அயர்லாந்தின் கார்க் நகரில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 18 வயது. நண்பர்களோடு ராக் இசைக்குழு வைத்துக் கிட்டார் வாசிக்கிறான். இதுதான் என் தொழில் என்கிறான். பெரிய நட்சத்திரங்களை விடுங்கள், இங்கே சாதாரண கிட்டார் கலைஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சகோதரி, கிட்டாரை வைத்தே வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் ஒரே ஒரு குழுவை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. சொந்தக் குழு, கல்யாண பேண்ட், பிறருடைய ஒலிப்பதிவு, பப்பில் வாசிப்பு, மாணவர்களுக்கு வகுப்பு என்று நாலு பக்கமிருந்தும் வருமானம் வர வேண்டும். மகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அவன் கல்யாண பேண்ட் என்றால் முகம் சுளிக்கலாம். உங்கள் ஊரில் வளர்ந்த ராக் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் எங்கே தொடங்கினார் தெரியுமா? 15 வயதில் ஒரு ஷோபேண்டில். அன்றைய ஹிட் பாடல்களை நடன அரங்குகளில் இரவு முழுக்க வாசிக்கும் குழுக்கள் அவை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அன்றைய அயர்லாந்தில் நடனம் கிடையாது என்பதால் அந்த நாட்களில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிடுவார்கள். அவருடைய புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை 1963-ல் கார்க்கில் இருந்த கிரௌலி கடையில்தான் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். அவருடைய டேஸ்ட் என்ற ராக் குழு பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் காட்ட விரும்புவது ஆர்ட்டி மெக்ளினை. வட அயர்லாந்தின் ஓமா பகுதிக்காரர். ஷோபேண்டுகளில் வாசித்துக் கைதேர்ந்தவர், 1980-ல் ஐரிஷ் மரபு மெட்டுகளைக் கிட்டாரிலேயே வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஃபிடிலும் குழலும் வாசிக்கும் மெட்டுகள் அவை. பிறகு பிளாங்ஸ்டி, பேட்ரிக் ஸ்ட்ரீட் ஆகிய மரபிசைக் குழுக்கள், பாடகர் வான் மாரிசன் என்று பலரும் அவரை அழைத்தார்கள். ராக்கும் மரபும் இரண்டும் கைவசம் இருந்ததால் 2019-ல் இறக்கும் வரை அவர் தேடப்படும் கலைஞராகவே இருந்தார். ஆகவே மகன் ரீல், ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டுகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் பழகட்டும். டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று தந்திகளைச் சுருதி கூட்டும் முறை இதற்கு மிகவும் உதவும். கலைஞர்கள் கூடி மரபு மெட்டுகளை வாசிக்கும் பப் செஷனில் ஏற்கெனவே ஒரு கிட்டார் இருந்தால் கேட்காமல் கூடச் சேரக் கூடாது. இரண்டு பேரின் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) முட்டிக்கொண்டால் மெட்டே கெட்டுவிடும்.

அடுத்தது உரிமைத்தொகை. இளம் கலைஞர்கள் அதிகம் பணம் விடுவது இங்கேதான். ஹென்றி மெக்கலோ என்ற ஐரிஷ் கலைஞர் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவில் இருந்தவர். 1973-ல் வந்த ‘மை லவ்’ பாடலின் கிட்டார் தனி வாசிப்பு அவருடைய சொந்தக் கற்பனை. ஆனால் பாடலை எழுதியவர்களாகப் பதிவில் இருப்பது பால், லிண்டா இருவர் மட்டுமே. பாடலை எழுதிய உரிமை வேறு, ஒலிப்பதிவில் வாசித்த உரிமை வேறு. முதலாவதை அயர்லாந்தில் இம்ரோ என்ற அமைப்பு வசூலித்துத் தருகிறது. மகன் தன் பாடல்களை மேடையில் வாசித்தாலும் பாடல் பட்டியலைச் சமர்ப்பித்துத் தொகை பெறலாம். இரண்டாவதற்கு ராப் என்ற அமைப்பு. வானொலியிலோ கடையிலோ ஒலிப்பதிவு ஒலித்தால் அதில் வாசித்தவருக்கும் பங்கு உண்டு. இரண்டிலும் உறுப்பினராகட்டும். நண்பர்கள்தானே என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு பாடலுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒலிப்பதிவு நாளன்றே எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். குழுக்கள் உடைவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

வரியிலும் இதே வேறுபாடு வருகிறது. சொந்த இசைப்படைப்பிலிருந்து வரும் வருமானத்துக்கு, வருவாய்த் துறையின் அங்கீகாரம் பெற்றால், ஆண்டுக்கு 50,000 யூரோ வரை வருமான வரி விலக்கு உண்டு. மேடைச் சம்பளத்துக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் அது பொருந்தாது. சுயதொழில் கணக்கை அக்டோபர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகள் பத்திரம். 2022-ல் அரசு ஒரு சோதனைத் திட்டமாக 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம்தான், ஆனால் தேர்வு குலுக்கல் முறையில் நடந்தது. குடும்பக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

படிப்பை விட்டுவிடுவானோ என்று பயந்தால், கார்க் இசைப்பள்ளியிலேயே பாப்புலர் மியூசிக் பி.ஏ. பட்டப்படிப்பு இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். சேர வேண்டுமானால் வாசித்துக் காட்டித் தேர்வாக வேண்டும். அதற்கான தேதிகளைப் பள்ளியில் இப்போதே கேட்டுவையுங்கள்.