சிறுகோளுக்கு அம்மம்மாவின் பெயர் வைக்கலாமா?

கேள்வி: மகள் தரம் 10. பாடசாலை வானியல் கழகத்தோடு சேர்ந்து கணனியில் சிறுகோள் தேடினாள். நகரும் புள்ளி ஒன்றைக் கண்டதாகச் சான்றிதழ் வந்திருக்கிறது. அதற்குத் தன் அம்மம்மாவின் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பணம் கட்டினால் பெயர் வைத்துத் தருவதாக ஓர் இணையத்தளம் சொல்கிறது. கட்டலாமா? (வாசகி, கொக்குவில்)

கட்டாதீர்கள். சிறுகோள்களின் பெயரை ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று. அதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. காசுக்குக் கிடைப்பது வடிவான ஒரு காகிதம் மட்டும்தான்.

சரி, மகளின் சான்றிதழுக்கு வருவோம். வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்களை மாற்றி மாற்றிக் காட்டும்போது நட்சத்திரங்கள் அசையாது, ஒரு புள்ளி மட்டும் ஊர்ந்து போகும். அதைப் பிடிப்பது உண்மையான வேலை, விளையாட்டல்ல. ஆனால் அது வாசற்படிதான். வேறோர் இரவிலும் அந்தப் புள்ளி தென்பட்டு, ஏற்கெனவே தெரிந்த சிறுகோள் அல்ல என்று உறுதியானால் தற்காலிகக் குறியீடு கிடைக்கும்.

அந்தக் குறியீட்டை வாசிப்பது சுவாரசியம். 1988 பெப்ரவரி 17இல் காவலூரில் வானியலாளர் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். (ஊர்காவற்றுறையை நினைக்காதீர்கள், இது தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர்.) அதன் குறியீடு '1988 டிகியூ1' (1988 DQ1). 'டி' என்றால் பெப்ரவரியின் பின்பாதி. அடுத்த எழுத்து வரிசை எண்: 'ஐ'யை விட்டுவிட்டு எண்ணினால் 'கியூ' 16ஆவது. கடைசி 1, இருபத்தைந்து எழுத்தும் ஒரு சுற்று முடிந்ததைக் காட்டுகிறது. ஆக, அந்த அரை மாதத்தின் 41ஆவது பதிவு.

நிலையான எண் அப்புறம்தான் வரும். சுற்றுப்பாதை ஐயமின்றித் தெரிய வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள ஒரு சிறுகோள் நமக்கு வசதியாக எதிரே வர ஒவ்வொரு முறையும் ஒரு வருடத்துக்கு மேலாகும். அப்படி நாலைந்து முறை பார்க்க வேண்டியிருக்கும். பழைய படங்களில் அகப்பட்டால் சீக்கிரம் முடியும். காவலூர்ச் சிறுகோளுக்கு 4130 என்ற எண்ணும் ராமானுஜன் என்ற பெயரும் கிடைத்தன.

கண்டுபிடிப்பாளராகப் பதிவாகிறவருக்கே பெயரை முன்மொழியும் உரிமை, எண் கிடைத்து 10 வருடத்துக்கு. அது மகளா, படமெடுத்த திட்டமா என்று கழகப் பொறுப்பாசிரியரிடம் இப்போதே கேளுங்கள். சான்றிதழில் குறியீடு இருந்தால் எழுதி வையுங்கள். சிறுகோள்களைப் பதிவுசெய்யும் சிறுகோள் மையத்தின் (Minor Planet Center) தளத்தில் இலவசமாகத் தேடலாம். மகள் பல்கலைக்கழகம் போகும்வரைகூடக் காத்திருக்க நேரலாம்.

அம்மம்மாவின் பெயருக்குத் தடை இல்லை. அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால்தான் இறந்து 100 வருடம் போக வேண்டும். தன் பெயரையே வைக்க முடியாது. பெயர் ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து. விஸ்வநாதன் ஆனந்த் என்று முழுதாக எழுதினால் 17. அவர் நினைவாக 4538ஆவது சிறுகோளுக்கு வைத்த பெயர் 'விஷியானந்த்'. அம்மம்மாவின் பெயரையும் இப்போதே எண்ணிப் பாருங்கள், 'ழ' வந்தால் அதற்கே இரண்டு எழுத்துப் போய்விடும்.