பேஸ் யார் காதில் விழுகிறது?

வணக்கம் ஐயா,

‘தி ஹூ’ என்ற ஆங்கிலேய ராக் குழுவில் பேஸ் கிட்டார் (கீழ்ச்சுரக் கிட்டார்) வாசித்த ஜான் என்ட்விஸில் பற்றி எழுதியிருந்தீர்கள். கைப்பேசியில் கேட்டுப் பார்த்தேன். கிட்டாரும் டிரம்ஸும்தான் கேட்டன. நானும் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் யாருக்கும் தெரிவதில்லை. அவரிடம் அப்படி என்ன விசேஷம்?

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

முதலில் கைப்பேசியை ஓரமாக வையுங்கள். பேஸின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கைப்பேசி ஒலிபெருக்கி அந்த ஆழத்துக்கு இறங்காது. நம்மூர்க் கோயில் கொடை விழாக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் அப்படித்தான். நல்ல ஹெட்போனை இரவல் வாங்கியாவது 1965இல் வந்த அந்தக் குழுவின் ‘மை ஜெனரேஷன்’ பாடலைக் கேளுங்கள். நடுவில் கிட்டார் சீண்ட, பேஸ் பதில் கொடுக்கிறது. ராக் இசையில் பேஸ் தனித்து ஒலித்த முதல் பாடல்களில் அது ஒன்று.

வருமான வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்ட்விஸில். சிறுவயதிலேயே பியானோவும் டிரம்பெட்டும் கற்றவர். குழுவில் பீட் டவுன்ஷெண்ட் கிட்டாரில் பெரும்பாலும் தாளக்கட்டு வாசித்தார். கீத் மூனோ டிரம்ஸில் தாளம் பிடிப்பதை விட்டுவிட்டுப் புரண்டு ஓடினார். மெட்டை இழுத்துச் செல்லும் வேலை பேஸுக்கு வந்து சேர்ந்தது. அப்போது பலரும் தட்டை நாடா சுற்றிய தந்திகளையே பயன்படுத்தினார்கள். ‘மொத்’தென்று ஒலித்து அடங்கிவிடும். 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளை அவர் தனக்கென உருவாக்கிக்கொண்டார். கீழ்ச்சுரமும் பியானோவைப் போல உலோகக் கூர்மையோடு கணீரென்றது. மற்றவர்கள் மேடையில் துள்ள, இவர் விரல்களைத் தவிர எதையும் அசைக்காமல் நின்றார். 2002 ஜூனில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகஸில் இறந்தார்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் கீபோர்டுக்காரர் மேல்தான். அவர் இடது கையைக் கவனியுங்கள். நான் கேட்ட தேவாலயக் குழுக்கள் பலவற்றில் அந்தக் கை பேஸின் சுரங்களையே அமுக்கிக்கொண்டிருக்கும். வில்லுப்பாட்டில் ஒரே குடத்தை இருவர் அடித்தால் எப்படி இருக்கும்? அந்தக் கையை ஓர் எண்சுரம் (ஆக்டேவ்) மேலே ஏற்றச் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை, ஒரு வாரம் முயன்று பார்க்கட்டும். அதற்குள் நீங்களும் பழைய தந்திகளை மாற்றிவிடுங்கள்.

அடுத்து ‘தி ஹூ’வின் 1973 பாடலான ‘தி ரியல் மீ’ கேளுங்கள். பேஸ் பாடகரையே விரட்டிக்கொண்டு ஓடும். அதை மட்டும் ஞாயிறு ஆராதனையில் முயல வேண்டாம். போதகர் என் வீட்டு முகவரியை விசாரிப்பார்.