இன்றைக்கு நான் போரு

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக ஆறு மாதம் இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேடானில் இருக்கிறேன். போன வாரம் தோபா ஏரிக்குப் போய் சமோசிர் தீவில் ஒரு கிராமத்தில் இரண்டு நாள் தங்கினேன். ஏரி அழகு. கிராமம்தான் ஏமாற்றம். தகரக் கூரை, பன்றிக் கொட்டில், வயல் நடுவே வீட்டைவிடப் பெரிய சிமெண்ட் கல்லறைகள். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "உன் மார்கா என்ன?" குலப்பெயராம். கடல் தாண்டி வந்தும் சாதி கேட்கிறார்களே என்று மனசு விட்டுப்போயிற்று. அந்தப் பகுதியின் பாத்தாக் மக்களில் சோழர், பாண்டியர் என்ற பெயரிலேயே குலங்கள் உண்டு என்றார் வழிகாட்டி. அவர்கள் தமிழர்களா? நீங்கள் அந்தப் பக்கம் தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள் என்பதால் கேட்கிறேன்.

வி., மேடான்

அன்புள்ள வி.,

அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமனாகப் போய், நாள் முழுக்க மாப்பிள்ளை வீட்டார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ராத்திரி திரும்பினால், உங்கள் கடிதம் வந்திருக்கிறது. அதனால்தான் உடனே பதில்.

சோழர் பாண்டியரை முதலில் முடித்துவிடுகிறேன். சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா எல்லாம் செம்பிரிங் என்ற மார்காவின் கிளைகள். அவர்கள் காரோ மக்கள், பாத்தாக்கில் ஒரு பிரிவு, ஏரிக்கு வடக்கே மலைமேல் இருப்பவர்கள். நீங்கள் தங்கியது தோபா மக்களின் ஊர், அது இன்னொரு பிரிவு. சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டியது. கற்பூரத்துக்காகப் போனவர்கள். சிலர் தங்கியிருப்பார்கள், சில பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை. போகிற ஊரிலெல்லாம் "நம்மாளா" என்று மோப்பம் பிடிக்கிற இந்தப் பழக்கம் எனக்கு அலுத்துவிட்டது.

கல்லறைகள் ஜகார்த்தாவிலும் பாத்தாமிலும் சம்பாதிக்கிற பிள்ளைகள் அனுப்பும் பணம். முன்னோர் எலும்பைத் தோண்டியெடுத்து, கழுவி, அதற்குள் வைப்பார்கள். நம் ஊரில் குலதெய்வக் கோயிலுக்கு கிரானைட் போடுகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்களா? பன்றிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஆனால் சாதி என்று எழுதினீர்களே, அது தப்பு. நீங்கள் படித்தவர், நிதானமாக யோசித்திருக்க வேண்டாமா? சாதிக்குள்ளேதான் கட்டுவார்கள். மார்காவுக்குள் கட்டவே கூடாது. ஒரே மார்கா என்றால் அண்ணன் தங்கை. கொங்குப் பக்கம் கூட்டம் என்கிறார்களே, கிட்டத்தட்ட அது. உங்களை மட்டம் தட்டவா கேட்டார்கள்? எந்த முறை வைத்துக் கூப்பிடுவது, எந்தப் பாயில் உட்கார வைப்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறார்கள்.

2011இல் அதே சமோசிர் தீவில், அம்பரிட்டாவுக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு பாட்டி வீட்டில் பதினோரு நாள் இருந்தேன். கப்பல் மாதிரி இரண்டு முனையும் உயர்ந்து கூரை வளைந்த பழைய வீடு. வாசல் குட்டை, குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கும். எனக்கு இரண்டு முறை வீங்கியது. பாட்டியை "ஓப்புங்" என்று கூப்பிட வேண்டும். ஊரில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது என்னிடம் மார்கா கேட்டாள். எனக்குத்தான் கிடையாதே. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சமையல் கொட்டகைப் பக்கம் கை காட்டி, "போய் அவர்களோடு நில்" என்றாள்.

அங்கே ஒருவர் பாண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் இறைச்சிக் குழம்பு சுமந்துகொண்டிருந்தார். வாளி விளிம்பில் குழம்பு வழிந்து அவர் கைக்கடிகாரத்தில் ஏறியிருந்தது. நல்ல கடிகாரம். நானும் சோற்றுக் கூடையைத் தூக்கினேன். பேச்சுக் கொடுத்ததில், பெக்கான்பாருவில் ஒரு வங்கியின் மேலாளர் என்று தெரிந்தது. மணப்பெண்ணின் அப்பா இவர் மனைவிக்கு அண்ணன். நீங்களா வாளி தூக்குகிறீர்கள் என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். சிரித்தார்.

"இன்றைக்கு நான் போரு. போன மாதம் தங்கை வீட்டுக் காரியம். அங்கே நான் ஹுலா-ஹுலா. பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை."

பெண் கொடுத்த வீடு ஹுலா-ஹுலா. பெண் எடுத்த வீடு போரு. சொந்த மார்காக்காரர்கள் டோங்கான் துபு. இந்த மூன்றையும் டலிஹான் நா தொலு என்பார்கள், அடுப்பின் மூன்று கல். அதற்கு ஒரு சொலவடையும் உண்டு: பெண் கொடுத்தவரை வணங்கு, பெண் எடுத்தவரைத் தட்டிக்கொடு, பங்காளியிடம் பார்த்து நட. மூன்று கல்லிலும் ஒவ்வொரு ஆளும் முறை வைத்து உட்காருகிறான். யாரும் நிரந்தரமாக மேலே இல்லை. வங்கி மேலாளரானாலும் மனைவியின் அண்ணன் வீட்டில் வாளிதான்.

பெண் கொடுத்தவன் மேலே, வி. இந்த ஒரு வரியை நீங்கள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அன்று பெண்ணின் அப்பா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மாப்பிள்ளையின் அப்பாதான் இறைச்சித் தட்டோடு அவரிடம் வந்தார். சினாமோட் என்று பரிசப் பணமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பெண்ணின் அப்பா பதிலுக்கு மீனும் நெய்த உலோஸ் துணியும் கொடுத்தார். மாப்பிள்ளை தோளில் அந்தத் துணியை அவர் சுற்றிப் போர்த்தியபோது கூட்டம் அமைதியாயிற்று.

சோற்றுக் கூடையோடு நின்ற எனக்கு 1988 ஞாபகம் வந்தது. அக்கா கல்யாணம். காலை ஆறு மணிக்கு, மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் போன காபி ஆறிப்போயிருந்தது. அப்பா தலைமையாசிரியர். கல்வி அதிகாரி வந்தாலே நாற்காலியை விட்டு முழுசாக எழாதவர். அன்றைக்கு ஈர வேட்டியோடு, மண்டபத்து வராந்தாவில், கும்பிட்ட கையைப் பிரிக்காமல் நின்றார். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டம்ளரை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் வெந்நீர்ச் செம்போடு நின்றேன். பிறகு ஒருநாளும் அப்பா அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

உடனே அங்கே பெண்களுக்குப் பொற்காலம் என்று நண்பர்களுக்கு எழுதிவிடாதீர்கள். மரியாதை பெண்ணின் அப்பாவுக்கும் அண்ணனுக்கும்தான். நிலம் வழக்கப்படி மகன்களுக்கே. காரோ குடும்பம் ஒன்றின் வழக்கில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1961இல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெண்ணின் பட்டத்துக்குத் தக்கபடி சினாமோட் ஏறும். பழைய நாளில் ஹத்தோபன் என்று அடிமைகளும் இருந்தார்கள்.

ஊர் திரும்புமுன் தொமோக் கடைத்தெருவில் ஒரு உலோஸ் வாங்கினேன், அப்பா படத்துக்குப் போடலாம் என்று. ஓப்புங் பிரித்துப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "மகன் அப்பாவுக்கு உலோஸ் போர்த்தக்கூடாது. மேலேயிருந்து கீழேதான் வரும்" என்று சொல்லி, மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். அதைத்தான் இந்த நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டு போயிருந்தேன். தாய்மாமன் போர்த்தலாம், முறைதான். ஆனால் பையை நான் திறக்கவே இல்லை.

இன்னும் சில மாதம் இருப்பீர்கள் அல்லவா? அலுவலகத்தில் தோபாக்காரர் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகும், சாப்பிட்டுவிட்டு நழுவலாம் என்று நினைக்காதீர்கள். பன்றி சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படிப்பட்ட விருந்தாளிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பர்சுபாங். தனியாகச் சமைத்துப் போடுவார்கள்.

அன்புடன்.