நீந்தியும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 74 கிலோ. முழங்கால் வலியால் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, வைத்தியரின் ஆலோசனைப்படி இரண்டு மாதங்களாகக் கிழமைக்கு மூன்று நாட்கள் நீச்சல் தடாகத்திற்குச் செல்கிறேன். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது முன்போல மூச்சு வாங்குவதில்லை. ஆனால், எடை அப்படியே இருக்கிறது. நீச்சலால் எடை குறையாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: குறையும், ஆனால் நீச்சலை மட்டும் நம்பியிருந்தால் மிக மெதுவாகத்தான் குறையும். உங்கள் எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் இடைவிடாது நீந்தினால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருப்பதால், கிழமைக்கு மூன்று நாட்கள் நீந்துபவர், உணவு சற்றும் கூடாதிருந்தால், ஒரு கிலோவைக் குறைக்க மூன்று மாதங்கள் வரை ஆகலாம்.

அந்த "உணவு கூடாதிருந்தால்" என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நீந்திய பின் நன்றாகப் பசிக்கும். தண்ணீர் குளிராக இருந்தால் பசி இன்னும் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தடாகத்தை விட்டு வெளியே வந்ததும் இரண்டு றோல்ஸும் சீனி போட்ட பால்தேநீரும் எடுத்தால், நீந்திச் செலவழித்ததைவிட அதிகமாகவே உள்ளே போய்விடும். ஆகவே நீந்தப் போகும்போதே ஒரு வாழைப்பழத்தையோ அவித்த கடலையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவில் சோற்றையோ இடியப்பத்தையோ வழக்கமான அளவில் பாதியாக்கி, மீனையும் மரக்கறியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த முக்கால் மணி நேரத்தில் உண்மையில் எவ்வளவு நேரம் நீந்துகிறீர்கள் என்று ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதைக்கும் நேரத்தைக் கழித்தால், பெரும்பாலானோருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். (அந்தக் கதையை விடச் சொல்லவில்லை, குளித்து உடை மாற்றிய பிறகு கதைக்கலாம்.) ஒரு நீளம் சற்று விரைவாக, அடுத்த நீளம் மெதுவாக, பின்பு அரை நிமிட ஓய்வு என்று மாற்றி மாற்றி நீந்தி, இருபது நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். கூந்தல் நனையாதிருக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடுவதால், கழுத்து வலிப்பதோடு சீக்கிரமே களைத்தும் போவீர்கள். தொப்பி அணிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே வெளிவிடப் பழகுங்கள்.

உங்கள் முழங்காலுக்குத் தண்ணீர் உகந்த இடமே. இடுப்பளவு நீரில் நிற்கும்போதே உடலின் பாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆயினும் தவளையைப் போல் கால்களை விரித்து உதைக்கும் மார்பு நீச்சல் முழங்காலின் உட்புறத்தை இழுத்து வலியைக் கூட்டக்கூடும் என்பதால், ஃபிரீஸ்டைல் (குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசி நீந்துவது) அல்லது மல்லாந்து நீந்தும் முறையே உங்களுக்குப் பொருந்தும். ஒரு கிலோ குறைந்தாலே, நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று கணித்துள்ளார்கள்.

தராசை விட அளவுநாடாவை நம்புங்கள். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. மூச்சு வாங்காமல் படியேற முடிவதே உங்கள் இருதயமும் நுரையீரலும் தேறியிருப்பதைக் காட்டுகிறது. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவராயின், தண்ணீருக்குள் இருக்கும்போது இரத்தத்தில் சீனியின் அளவு திடீரென இறங்க வாய்ப்புண்டு. உங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடாகக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளவத்தைக் கடலில் நீந்தலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். அங்கே கரையோரம் பாறைகள் உள்ளன. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலையும் நீரோட்டமும் கடுமையாக இருக்கும்.  அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு திட்டமிட்டபடி நீந்தவும் முடியாது. கிழமைக்கு ஒருநாள் மட்டும் தடாகத்திற்குப் பணம் கட்டி, மற்ற நாட்களில் காலிமுகத் திடலில் விரைவாக நடந்து, மொத்தம் 150 நிமிடங்களை எட்டினாலே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கூறும் குறைந்தபட்ச அளவு நிறைவேறிவிடும்.