வயதான பெற்றோரின் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றலாமா?

மாற்றலாம். விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கணினியில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பாருங்கள். நான் அப்படிப் பார்த்ததால்தான் தப்பித்தேன்.

நான் வேலை செய்வது கோலாலம்பூரில், அப்பா அம்மா இருப்பது பட்டர்வொர்த்தில். அப்பா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இப்போது கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர். அவருடைய மடிக்கணினி 2016-இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெலாவது வேண்டும். நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட அப்பாவுக்கு மனமில்லை.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் லினக்ஸ் மிண்ட் என்ற வகையை, விண்டோஸைப் போன்ற திரை அமைப்புள்ள சின்னமன் பதிப்பில் தேர்ந்தெடுத்தேன். இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கண் தேடும் இடத்திலேயே எல்லாம் இருக்கும். முதலில் பென்டிரைவிலிருந்து, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் சரியாக வந்தன.

அம்மாவுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. மின்னல் எஃப்எம் வானொலி, யூடியூப் சமையல், பேரப்பிள்ளைகள் படம் எல்லாமே பிரவுசரில்தான். அதே பிரவுசரைப் போட்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அப்பாவின் விஷயம் வேறு. அவர் நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவர். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில், தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் பல ஆண்டுப் பழக்கம். அவரிடம் இருந்தது விண்டோஸ் பதிப்பு, அதை மிண்டில் அப்படியே பயன்படுத்த முடியாது. அதனால் மிண்டில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் மென்பொருளை நிறுவி, எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்தேன். விரல் பழகிய இடத்தில் எழுத்து இருந்ததும் அவர் முகம் தெளிந்தது. மொழி மாற்றும் விசையையும் பழையபடியே வைத்தேன். இந்த ஒரு வேலைக்கே அரை நாள் போனது, ஆனால் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அவர் அந்தக் கணினியைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அடுத்து, பழைய கோப்புகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் எழுதிய பாடக்குறிப்புகளும் கூட்டக் குறிப்புகளும் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்தன. மிண்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் வெறும் கிறுக்கல். அந்தக் குறியாக்கத்துக்கான எழுத்துரு இல்லாததுதான் காரணம், கோப்பு கெடவில்லை. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முன்பே நகலெடுத்து வைத்திருந்தேன். அந்த எழுத்துருக்களை மிண்டில் நிறுவியதும் இருபது வருட எழுத்து திரும்பி வந்தது. தமிழில் எழுதும் பெற்றோர் என்றால் வட்டை அழிக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஈடிஎஸ் விரைவு ரயிலில் போனாலே சுமார் நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், தூரத்திலிருந்து அப்பாவின் திரையைப் பார்க்க ரஸ்ட்டெஸ்க் என்ற மென்பொருளைப் போட்டேன். டைம்ஷிஃப்ட் என்ற இன்னொரு மென்பொருள் வாரம் ஒருமுறை கணினியின் நிலையைச் சேமிக்கிறது. ஏதாவது புதுப்பிப்பு சிக்கல் கொடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். லினக்ஸுக்கு வைரஸ் தொல்லை குறைவுதான், ஆனால் போலீஸ், வங்கி என்று சொல்லி அழைத்துப் பணம் மாற்றச் சொல்பவனை எந்த இயங்குதளமும் தடுக்காது. மோசடிக்கு ஆளானால் அழைக்க வேண்டிய மலேசியாவின் தேசிய மோசடி எதிர்ப்பு நடவடிக்கை மையத்தின் 997 எண்ணைத் திரைக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பக்கத்து ஊரான பிறையில் இருக்கும் மாமாவின் கணினியை மட்டும் நான் மாற்றவில்லை. அவர் கடைக்கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். 2026 அக்டோபர் வரை கிடைக்கும் நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்பில் அதைச் சேர்த்துவிட்டு, அதற்குள் வேறு கணினி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.